சுவரில் வயசான முகம்

கட்டிய மனைவியின் முகம் இன்னொருத்தர் வீட்டுச் சுவரில் தொங்கினால் எந்த மனுஷனுக்குத்தான் வயிறு எரியாது? லேத் பட்டறைக்காரனுக்குப் பதினோரு வருஷம் எரிந்தது.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேரில் போய் நின்று, மச்சான், அதை எனக்குக் கொடுத்துவிடுங்க என்று கேட்டான். கெஞ்சித்தான் கேட்டான். யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை அவன். மச்சான் தரமாட்டேன் என்றார். காரணமும் சொல்லவில்லை. பார்க்கணும் என்று தோன்றினால் வாங்க, பாருங்க, போங்க. தொடக் கூடாது, எடுத்துப் போகவும் கூடாது. அவ்வளவுதான் பேச்சு. கூடப் பிறந்தவர் என்றால் கொம்பா முளைத்திருக்கிறது? இருபத்திரண்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன் இவன். இவனுக்கு இல்லாத உரிமை அண்ணன்காரருக்கு எங்கிருந்து வந்தது? பட்டறையில் இரும்பைக் கடையும்போதெல்லாம் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கடைந்துகொண்டிருப்பான்.

முகம் என்றால் போட்டோ இல்லை. போட்டோ அவன் வீட்டிலேயே நாலைந்து இருந்தது. கேமராவைக் கண்டால் அவள் விறைத்துப்போவாள். எல்லாப் படத்திலும் யாரோ மிரட்டி நிற்க வைத்த மாதிரி இருப்பாள். மச்சான் வீட்டில் இருந்தது காகித முகம். அவள் முகத்தின் மேலேயே ஒட்டிக் காயவைத்து உரித்து எடுத்தது.

மச்சானுக்குத் தொழில் போஸ்டர் ஒட்டுவது. சினிமா, சர்க்கஸ், தள்ளுபடி விற்பனை, காணாமல்போன நாய் என்று எது வந்தாலும் ஒட்டுவார். ஊரில் அவருக்குப் பசைக்காரர் என்றுதான் பெயர். அவருடைய அப்பாவும் அதே தொழில். மற்ற ஆட்கள் வாளியில் மிஞ்சுகிற பசையைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் மட்டும் அது பிள்ளைகளுக்கு வந்துவிடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் விளையாட்டுச் சாமான் என்று வேறு எதுவும் கிடையாது. மிஞ்சின போஸ்டர், மிஞ்சின பசை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் வயசான பிறகும் போகவில்லை. போஸ்டரை விரல் அகலத்துக்குக் கிழிப்பார் பசைக்காரர். கத்தரி போட விடமாட்டார். கிழித்தால்தான் ஓரம் பஞ்சாகி ஒன்றை ஒன்று பிடிக்குமாம். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, அதன் மேல் ஏழு அடுக்கு ஒட்டிக் காயவைத்து உருவினால் இன்னொரு கிண்ணம் கிடைத்துவிடும். முக்கோணமாகக் கிழித்த சீட்டை ஒரு குச்சியில் இறுக்கிச் சுற்றிப் பசை தொட்டு உருவினால் மணி. அப்படி ஆயிரக்கணக்கில் சுற்றிக் கோத்து வாசலுக்குத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பேனா டப்பா, சாவித் தட்டு, விளக்குக் கூண்டு எல்லாம் காகிதம்தான். தண்ணீர் குடிக்கிற டம்ளர் ஒன்றுதான் தப்பித்தது என்று லேத்துக்காரன் கேலி பேசுவான்.

ஆனால் அந்த வீட்டுக்குள் போனால் அவனுக்கு முதுகு கூசும். போஸ்டர் காகிதம் அல்லவா, எந்தச் சாமானை எடுத்தாலும் அதில் ஒரு துண்டு மனுஷன் இருப்பான். சாவித் தட்டின் உள்ளே ஒரு கண். பேனா டப்பாவில் பாதி உதடு. விளக்கைப் போட்டால் கூண்டில் யாருடையதோ காது சிவக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி எல்லாம் மெல்ல முறுக்கிக்கொள்ளும்போது, அடுத்த அறையில் யாரோ நம் பெயருக்கு வந்த கடிதத்தைச் சத்தமில்லாமல் பிரிப்பது போல ஒரு ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும்.

முகம் எடுப்பதுதான் அண்ணன் தங்கை விளையாட்டில் பெரிய விளையாட்டு. ஒருத்தர் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் முகத்தில் எண்ணெய் தடவி, முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் நனைத்து வைப்பார். இரண்டாவது அடுக்கிலிருந்து பசை. மூக்குத் துளையை விட்டுவிட்டு முகம் மொத்தமும் மூடியாகிவிட்டால் முக்கால் மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது. தங்கைக்காரி ஒரு தடவைகூட ஒழுங்காகக் கிடந்ததில்லை. பாதியில் சிரித்து, வாயோரம் வெடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

எடுத்த முகத்தை அவர்கள் மாட்டுகிற விதமே வேறு. குழிந்த உள்பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி மாட்டுவார்கள். வெளிப்பக்கம் காகிதத்தின் மூஞ்சி, உள்பக்கம்தான் ஆளின் மூஞ்சி என்பது அந்த வீட்டுக் கணக்கு. அதில் நியாயம் இருந்தது. தோலோடு ஒட்டிக் கிடந்தது உள்பக்கம்தானே. இமையோரச் சுருக்கம், உதட்டு வெடிப்பு, இடது புருவத்துக்கு மேல் அரிசி நீளத்துக்கு இருந்த தழும்பு வரைக்கும் அதில் பதிந்திருக்கும். அந்தத் தழும்புக்குக் காரணமே அண்ணன்தான், சின்ன வயசில் படியிலிருந்து தள்ளிவிட்டது.

கடைசி முகம் எடுத்தது அவள் படுக்கையில் விழுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால். சும்மா அண்ணனைப் பார்க்கப் போனவள், ஒட்டுண்ணா என்று படுத்துவிட்டாளாம். அன்றைக்கு மட்டும் சிரிக்கவே இல்லையாம்.

அவள் போன பிறகு லேத்துக்காரன் அதை முதல் தடவை பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பசைக்காரர் உள்ளே காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, இவன் அக்கா என்று கூப்பிடுகிறவள், டீ போடப் போயிருந்தாள். இவன் எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தான். சுவரில் இருந்தவள் அவனோடு கூடவே திரும்பினாள்.

நின்றான். அவளும் நின்றாள். இந்தப் பக்கம் இரண்டு அடி வைத்தான். மூடின கண்ணோடு முகம் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனான், போனது. அவன் பேய் பிசாசு என்று பயப்படுகிறவன் இல்லை. காலிப்பர் வைத்து அளக்க முடியாத எதையும் நம்பாதவன். கிட்டப் போய் உற்றுப் பார்த்தால் வெறும் காகிதக் குழி. நாலடி தள்ளி வந்தால் மறுபடி புடைத்துக்கொண்டு வந்து இவனைத் தேடியது. குழிந்த முகம் எதுவானாலும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியும், வெளிச்சம் செய்கிற வேலை அது என்று மச்சான் பிற்பாடு விளக்கினார். விளங்கியது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனான்.

அப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. வாங்க மாப்ள என்று சொல்லிவிட்டுப் பசைக்காரர் உள் அறைக்குப் போய்விடுவார். இவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பான். அரை மணி, ஒரு மணி. தராத கோபம் உள்ளே ஒரு பக்கம் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

முதல் மழைக்காலம் முடிந்த சமயத்தில் பசைக்காரர் மீசையை எடுத்துவிட்டார். வாயை மறைக்கிற அளவுக்கு வளர்த்த மீசை. ஊரே திரும்பிப் பார்த்தது. தங்கச்சி துக்கம் இப்போதுதான் உறைக்கிறது போல என்று சனம் பேசியது. லேத்துக்காரன், வழித்த சட்டி மாதிரி இருக்கு மச்சான் என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டான்.

பார்க்கப் போனவன் பேசவும் ஆரம்பித்தது மூன்றாவது வருஷம். அவனை அறுத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. கடைசி நாள் காலையில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்குப் போகாதீங்க என்றாள். பட்டறையில் பம்பு தண்டு ஒன்று பாதிக் கடைசலில் கிடந்தது. ஒரு மணி நேரத்துல ஓடி வந்துடறேன் என்று கையை உருவிக்கொண்டு போனான். போன இடத்தில் வேலை இழுத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது தலைமாட்டில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலையைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டான். தண்டு எவ்வளவு தடிமன், எத்தனை நூல் அளவு கடைய வேண்டியிருந்தது என்பது முதற்கொண்டு சொன்னான். நான் வந்திருக்கணும் என்றான். கோவமா போனியா, அதை மட்டும் சொல்லு என்றான். வாசலில் காகித மணிகள் சலசலத்தன. காற்று இல்லை. உள் அறையில் கிழிகிற சத்தம் நின்றிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் போனபோது அவள் வாயோரம் லேசாக மேலே ஏறியிருந்தது.

சிரிப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் வரைக்கும் அது அங்கே இல்லை. ஈரத்துக்குக் காகிதம் இழுத்துக்கொண்டிருக்கும் என்று புத்தி சொன்னது. புத்தி கிடக்கட்டும் என்று வீட்டுக்குப் போய், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் விழிக்காமல் தூங்கினான். அதற்கப்புறம் அவன் சாப்பிட்டது, தூங்கினது, பட்டறையைத் திறந்தது எல்லாம் அந்த வாயோரத்தை நம்பித்தான்.

அதோடு விட்டிருந்தால் சரி. ஆறாவது வருஷம், ஏழாவது வருஷம் என்று போகப் போக அவளுக்கு வயசாகிக்கொண்டு வந்தது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிற கோடு ஆழமானது. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கொஞ்சம். ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில், தொடாமலேயே, பட்டறைக் கவராயத்தைப் பிடித்துக் கண்ணுக்குக் கண் அளந்தான். அடுத்த வருஷம் அளந்தபோது கணக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி வந்தது. வேர்த்து வழிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். செத்தவள் நாற்பத்திநாலு வயசில் நின்றிருக்க வேண்டும். இவனுக்கு ஐம்பது தாண்டி முடி நரைத்தது. அவள் கன்னம் தொங்கியது. இவனுக்குப் பல் போனது. அவள் உதடு உள்ளே வாங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கழன்றுபோச்சு என்பார்கள். போகப் போகப் பயமும் தேய்ந்துபோயிற்று. விட்டுப் போனவள் போன இடத்தில் சும்மா இராமல், தன்னோடு சேர்ந்து கிழவியாகிக்கொண்டு வருகிறாள் என்று இருந்தது அவனுக்கு. எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் அது? முட்டி வலிக்குதடி, உனக்கும்தானே என்று கேட்பான். சுவர் திரும்பிப் பார்க்கும்.

பதினோராவது வருஷம் பசைக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஏணி ஏற முடியவில்லை. வாளியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு கிடந்தார். அந்த மழையும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை லேத்துக்காரன் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காரவில்லை.

தழும்பு பக்கம் மாறியிருந்தது.

பத்து வருஷத்துக்கு மேலாக, பார்க்கிறவனுக்கு இடது கைப் பக்கம் தெரிந்த தழும்பு அது. இப்போது வலது கைப் பக்கம் இருந்தது. முகம் வயசாகலாம், வாய் சிரிக்கலாம், ஈரம் இழுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தழும்பு எப்படி மூக்கைத் தாண்டி நடந்து போகும்? தொடக் கூடாது என்ற பேச்சை முதல் முறையாக மீறி, ஆணியிலிருந்து முகத்தைக் கழற்றினான். ஒன்றுமே கனமில்லை. குழிக்குள் விரலை விட்டுத் தடவினான். தாடைப் பக்கம் குத்தியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காகிதத்தில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்த குட்டி முடிகள், நாலைந்து. வெள்ளை முடிகள்.

முகத்தைக் கையில் ஏந்தியபடியே உள் அறைக்குப் போனான். பசைக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவன் கையில் இருந்ததைப் பார்த்தார், இவன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மறைக்கப் பார்க்கவில்லை.

“அவளோடது மொதல் மழையிலேயே போயிடுச்சு மாப்ள. மூஞ்சியில படற பசையில, பூச்சிக்குப் போடற துத்தத்தப் போட முடியாது, எரியும். துத்தம் இல்லாத பசைன்னா பூச்சிக்கு விருந்து. சுவத்துல ஓதமும் ஏறிடுச்சு. காலையில பாக்கறேன், ஆணியில நூலு மட்டும் தொங்குது, கீழ கூழு கிடக்குது. மறுநாள் ஞாயித்துக்கிழமை. நீங்க வந்துடுவீங்க.”

“அதனால?”

“அதனால மீசைய எடுத்தேன்.”

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. அது ஊருக்கே தெரியும். மீசைதான் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒரு முகமாக, வருஷா வருஷம் பசைக்காரர் படுத்துக்கொள்ள அவர் வீட்டுக்காரி ஒட்டியிருக்கிறாள். முறுக்கின நூல் ஒன்றை இடது புருவத்துக்கு மேல் வைத்து, அதன் மேல் காகிதம் போட்டால் தழும்பு. இந்த வருஷம் அவள் ஊரில் இல்லாத நேரத்தில், இவர் தனியாகக் கண்ணாடியைப் பார்த்து வைத்துக்கொண்டார். தங்கச்சி எதிரே நின்றால் தழும்பு எந்தப் பக்கம் தெரியுமோ, கண்ணாடியில் அந்தப் பக்கமே வைத்துவிட்டார். சின்ன வயசிலிருந்து முகம் எடுத்தவர் செய்கிற தப்பா அது? இருமல் தீர்ந்து படுத்தால் போதும் என்று இருந்ததாம்.

லேத்துக்காரனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்த அறைக்கும் நாற்காலி கிடந்த இடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. அதைப் பார்த்தான். தான் அங்கே உட்கார்ந்து சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.

“நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“கிண்ணம் ஒட்டிக்கிட்டிருந்தேன்.”

“அந்தச் சிரிப்பு?”

பசைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்து அடைத்துக்கொண்டது. அது நிற்கிறவரை லேத்துக்காரன் காத்திருக்கவில்லை. முகத்தை அவர் மடியில் போட்டுவிட்டுத் திரை மணி தலையில் அடிக்க வெளியே போய்விட்டான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. மூன்றும் மூன்று வருஷமாக இருந்தது. முகம் போனதுகூடப் பரவாயில்லை. வாயோரம் போனதுதான் தாங்கவில்லை. அவள் மன்னித்தாள் என்று நினைத்து எட்டு வருஷம் தின்ற சோறு எல்லாம் தொண்டைக்கு வந்தது. நேற்றுத்தான் கையை உருவிக்கொண்டு போனது போல இருந்தது. வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வெறுமை தாங்காமல் ஒரு மத்தியானம் மாவைக் காய்ச்சி, செய்தித்தாளைக் கிழித்து, தன் மூஞ்சியிலேயே ஒட்டிப் பார்த்தான். கோணல்மாணலாக ஒன்று வந்தது. ஆணியில் மாட்டிவிட்டு நடந்து பார்த்தான். அதுவும் திரும்பியது. இவன் எங்கே போனாலும் இவனே இவனைப் பார்த்தான். கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டான்.

நாலாவது வாரம் பசைக்காரர் வீட்டு அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். அந்தப் படியை அவள் மிதித்ததே இல்லை. இரும்புத் தூள் காலில் குத்தாமல் ஓரமாக நின்றாள். டாக்டர் கையை விரிச்சுட்டார் தம்பி என்றாள். பேச்சு குறைஞ்சுபோச்சு, கேட்டதெல்லாம் நீங்க வந்தீங்களான்னுதான் என்றாள். லேத்துக்காரன் மோட்டாரை நிறுத்தினான். கடைசல் பாதியில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

பசைக்காரர் கட்டிலில் கிடந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. லேத்துக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான். சாகிறதுக்கு முந்தின வாரம் அவள் அப்படித்தான் இருந்தாள். அச்சு அசல்.

“உக்காருங்க மாப்ள. பேய் இல்ல, நான்தான்.”

உட்கார்ந்தான்.

“அன்னைக்கு ஒண்ணு கேட்டுட்டுப் போனீங்க. அவ கோவமா போனாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தூக்கத்துல போனா, ஒண்ணும் சொல்லல. நான்தான் தலமாட்டுல உக்காந்து உங்களத் திட்டிக்கிட்டிருந்தேன். மனுஷனா இவன்னு. மூணு வருஷம் திட்டினேன். நீங்க கேட்டப்போ தரமாட்டேன்னேனே, அதுவும் அந்தத் திட்டுதான், வேற ஒண்ணுமில்ல.”

மூச்சு வாங்கினார். லேத்துக்காரன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். ஒரு வாய் நனைத்துக்கொண்டார்.

“அப்புறம் நீங்க சுவத்துக்கிட்ட பேசினதக் கேட்டேன். அந்தத் தண்டு, அந்த நூலுக்கணக்கு எல்லாம். அதுக்கப்புறம் திட்ட வரல. அந்தச் சிரிப்பு அவளோடது இல்ல மாப்ள. என்னோடது. முக்கா மணி நேரம் இழுத்துப் பிடிச்சதுல வாய் வலிச்சுப்போச்சு.”

லேத்துக்காரன் தலையைக் குனிந்துகொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்தான். கை நிறைய எண்ணெய்க் கறுப்பு. நன்றி சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் சுவரோடு சரி. பழைய பசை வாளி ஒண்ணு கிடக்குமா என்று அக்காவிடம் கேட்டான்.

பசைக்காரருக்குப் புரிந்துவிட்டது. புருவத்தைத் தூக்கினார். இந்தக் கையால் ஒட்டினால் முகம் வராது, தகர டப்பாதான் வரும் என்று கேலி செய்தார். சொல்லிக் கொடுத்தா வரும் என்றான் லேத்துக்காரன். அக்கா மாவைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். இவன் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினான். மச்சான் முகத்தில் நாலு நாள் தாடி இருந்தது, அதை வழித்தான். எண்ணெய் தடவினான். அந்த முகத்தை அவன் பதினோரு வருஷம் பார்த்திருக்கிறான், தொட்டது அன்றைக்குத்தான். நெற்றி சுட்டது. எலும்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. அவள் முகம் நினைவிருந்த விரல்.

நூலை முறுக்கி எடுத்துக்கொண்டு, வைக்கட்டுமா என்று அக்கா கேட்டாள். இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார் பசைக்காரர். சரிதான் என்று லேத்துக்காரனும் தலையை ஆட்டினான்.

நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், மூக்குத் தண்டு, தாடை என்று நனைந்த கீற்றுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தான். சினிமா போஸ்டர் ஒன்றின் பின்பக்கம். யாருடைய விரலோ, யாருடைய தோளோ ஈரத்தில் ஊறி இந்தப் பக்கம் தெரிந்தது. கண் மூடியாகிவிட்டது. மூக்குத் துளையைச் சுற்றி மட்டும் பயந்து பயந்து வைத்தான். மூச்சு வந்து கையில் பட்டது. வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை. சாவித் தட்டின் உள்ளே இருந்த கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நாலு நாள்தான் இருந்தார் பசைக்காரர். அந்த நாலு நாளும் பேச்சில்லை. ஆகவே அவர் வாயால் கடைசியாகச் சொன்ன வேலை அன்றைக்குச் சொன்னதுதான். வாய்க்கு மேல் வைக்க வேண்டிய கீற்றை லேத்துக்காரன் நனைத்துக் கையில் பிடித்திருந்தான். பசைக்காரர் கொஞ்சம் பொறு என்கிற மாதிரி விரலைத் தூக்கினார். கண் திறக்க முடியாமல், காகிதத்துக்குள்ளிருந்து சொன்னார்.

“அந்த ஜன்னலச் சாத்திட்டு வாங்க மாப்ள. காத்து பட்டா ஒரு பக்கமா இழுத்துக்கும். அப்புறம் அவ கோணவாயோட வந்து நிப்பா, நான் பொறுப்பில்ல.”